ஒரு ஆட்டம் மிதித்தால் ஒரு ஆட்டம்

வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக்காரர் தீப்பெட்டி கேட்டார். யோசிக்காமல் சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். திறந்தவர் சட்டென்று கையை உதறினார். உள்ளே குச்சி இல்லை. கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் முளைத்த ஒரு சிப் பஞ்சில் படுத்திருந்தது.

"என்ன தம்பி பூச்சி இது? செத்ததோ, உயிரோ?" என்றார்.

"முல்லைத்தீவுப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். அவர் தீப்பெட்டியை மிக மரியாதையாக மூடித் திருப்பித் தந்தார்.

இந்தச் சிப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியை வாங்கி வர வேண்டும். அதுதான் நான் வந்த வேலை. கோயம்புத்தூரில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் இருக்கிறேன். காசு போட்டு, நின்றபடி விளையாடும் ஆள் உயரப் பெட்டிகள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் தூத்துக்குடி உப்பளம், லாரி, பொருட்காட்சி ராட்டினம் என்று சுற்றியவனுக்கு இந்த வேலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது எங்காவது அனுப்பிவைக்கிறார்கள் என்பதால் இருக்கலாம்.

எங்கள் முதலாளிக்குப் பெட்டிதான் தெய்வம். உள்ளே ஓடும் ஆட்டத்தை இப்போது விரல் நகம் அளவு சிப்பில் அடக்கிவிடலாம், எந்தக் காலத்து ஆட்டமாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டி கிடைக்காது என்பார். கிடைத்த பெட்டியை அப்படியே வைத்திருப்பாரா என்றால் அதுவும் இல்லை. தேய்த்து, மக்கு வைத்து, பெயின்ட் அடித்து, பக்கவாட்டுப் படங்களைப் புதிதாக அச்சடித்து ஒட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவார். ஒருமுறை பெங்களூர்க்காரர் ஒருவர் தன் பெட்டியைத் திரும்ப வாங்க வந்து, விளிம்பில் இருந்த சிகரெட் சூட்டுத் தழும்புகள் எங்கே என்று கேட்டார். நான்தான் அரை நாள் உட்கார்ந்து மக்கு வைத்து மூடியிருந்தேன். அந்தத் தழும்புகளில் ஒன்று அவருடைய அண்ணன் வைத்தது என்றார். முதலாளிக்கு அது கடைசிவரை புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

முள்ளியவளையில் யூட் என்ற ஒருவர், பழுது பார்ப்பவர்கள் கூடும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது உட்கார வேண்டிய போர்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். முதலாளி போர்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் பாதி தெரிந்த ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பார்த்தார். சிப்புக்குப் பதில் பெட்டி என்று போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். யூட்டுக்கு ஆட்டம் ஓட வேண்டும், இவருக்குப் பெட்டி வேண்டும். இதைவிட ஒழுங்கான பேரம் உண்டா?

தேநீர்க் கடையில் எனக்கு முன்னால் ஒரு தட்டு நிறையப் பலகாரம் வைத்தார்கள். வடை, றோல்ஸ், முக்கோணமாக மடித்த ரொட்டி. இவ்வளவு உபசரிப்பா என்று வியந்து, மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று எல்லாவற்றையும் தின்று முடித்தேன். தின்றதை எண்ணிப்பார்த்துத்தான் காசு வாங்குவார்கள், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்று எழும்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் வெற்றுத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். "ஓம், தெரியுது" என்றார்.

பஸ் கனகராயன்குளம் வரை பறந்தது, அங்கே டயர் வெடித்து உட்கார்ந்தது. எல்லோரும் இறங்கி ரோட்டோரப் பாலைமர நிழலுக்குப் போனோம். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே ஒருவர் வெற்றிலை போட்டார், ஒரு பெண் மகளுக்குப் பேன் பார்க்கத் தொடங்கினாள். விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பும் இளம் சிப்பாய் ஒருவன் போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். என் பக்கத்தில் நின்ற ஆசிரியை சிரிப்பை அடக்க முடியாமல் எனக்கு மொழிபெயர்த்தார்: "'சாப்பிட்டிட்டன் அம்மா. பஸ் நல்லா ஓடுது அம்மா. காத்தும் நல்லா வருது' எண்டு சொல்லுறான்." பஸ் ஜாக்கியின் மேல் நின்றது. அவன் பேசி முடித்துவிட்டு டயர் மாற்றுபவருக்குக் கை கொடுக்கப் போனான்.

முள்ளியவளைச் சந்தியில் இறங்கியபோது, கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோள்கள் படகு இழுப்பவனுடையவை. தொடைக்குக் கீழே இரண்டு காலும் இல்லை. போனில் அவர் அதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்பதற்கு என்ன இருந்தது.

"நீரே இந்தியாத் தம்பி? சிப் எங்க?" என்றார். தீப்பெட்டியைக் கொடுத்தேன். அங்கேயே திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். "எல்லாக் காலும் இருக்கு. என்ர சிப்பில மூண்டு கால் உக்கிப்போச்சு. எனக்கு ரெண்டுதான் போனது. நான் பரவாயில்லை" என்றார்.

பையை வண்டியில் வைக்கச் சொன்னார். நான் பின்னால் நடந்தேன். நடந்தேன் என்று சொல்லக் கூடாது, ஓடினேன். வயல்களுக்கு நடுவே அந்த மனிதர் கையால் மிதித்துப்போன வேகத்துக்கு என் கால் ஈடுகொடுக்கவில்லை.

யூட்டின் வீடு புதிய வீட்டுத்திட்டத்து வீடு. முன்னால் பம்பு, மின்விசிறி, போன் பழுது பார்க்கும் சின்னக் கொட்டகை. அவருடைய ஊர் முல்லைத்தீவுக் கரை. கடல் தொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம். மனைவி வசந்தியின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து இங்கே வந்து வயல் செய்தவர். குசினி என்கிற சமையலறையின் சுவரில் அந்தோனியாரும் பிள்ளையாரும் ஒரே ஆணியில் தொங்குகிறார்கள். வசந்தி அக்கா என்னை வாங்கோ என்றாள், பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேநீர் தந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி வாளி நின்ற ஒரு பலகைப் பெட்டியைக் காட்டி, வாளியைச் சற்று நகர்த்தி, "இதில இருங்கோ தம்பி, கதிரை கொட்டிலுக்குப் போயிட்டுது" என்றாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். எனக்குப் பனங்கட்டி முதலில் தீர்ந்துபோயிற்று.

பிறகு பெட்டியைப் பார்க்கப் போனேன்.

பெட்டி என் நெஞ்சு உயரம்தான் இருந்தது. படம் அனுப்பியபோது மேல்பாதிதான் அனுப்பியிருக்கிறார்கள். ஆள் உயரம் இருக்க வேண்டிய பெட்டியை யாரோ அடியில் முழமளவுக்கு அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்தவர் நேராகவும் அறுக்கவில்லை. சாய்வைச் சரிக்கட்ட இடது மூலையில் ஒரு டயர்த் துண்டு வைத்திருந்தது. இடது பக்கத்தில் ஒரு சைக்கிளின் பின்பாதி போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது, சீட், பெடல், சங்கிலி, காரிலிருந்து கழற்றிய டைனமோ எல்லாமாக. வலது பக்கத்தில், தரைக்குக் கிட்டத்தில், கையால் சுற்றும் இன்னொரு பெடல். இப்படி ஒரு பிராணியை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். பெட்டியின் அடி அறுபட்டிருப்பதைச் சொன்னேன்.

"வெட்டிட்டாங்களா? எத்தனை?" என்றார்.

"முழம் இருக்கும்ண்ணா. சைக்கிள் வேற மாட்டியிருக்கு."

"சைக்கிளைக் கழட்டி வீசு. அடியில புதுப் பலகை வச்சு ஒட்டிக்கலாம். மக்கு வச்சுப் பெயின்ட் அடிச்சா எவனுக்கும் தெரியாது. பொட்டிய மட்டும் பத்திரமா ஏத்திடப்பா."

போன் ஒலிபெருக்கியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

இரவுக்குப் பிட்டும், கணவாய்க் கறியும். எங்கள் கடலிலும் கணவாய் உண்டு, ஆனால் இந்தக் கருக வறுத்த மிளகாய்த்தூள் எங்களிடம் இல்லை. தொண்டைக்குள் இறங்கியபின்தான் உறைக்கத் தொடங்குகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன். வசந்தி அக்கா அள்ளி வைத்தாள். 

மறுநாள் யூட் போர்டை எடுத்து மேசையில் வைத்தார். கடைசி இடப்பெயர்வின்போது அதைப் பொலித்தீனில் சுற்றி, மாப்பேணி என்கிற மாவு டின்னுக்குள் போட்டு, முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டுப் போனாராம். முகாமிலிருந்து திரும்பிவந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை, பெட்டிக்குள் வைத்திருந்த சின்ன டிவி இல்லை. பெட்டி மட்டும் குசினிக் கூரைக்குக் கீழே நின்றது. "ஒருத்தருக்கும் அதை வைச்சு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. எங்களுக்கும் தெரியாதுதான்" என்றார். முருங்கையும் இல்லை. இடத்தைக் கண்டுபிடிக்க வீட்டு வளவு முழுக்கக் கிண்டினார்கள். அடுத்த போகம் மரவள்ளி நன்றாக விளைந்ததாம்.

நான் கால் அரித்த பழைய சிப்பைக் கழற்ற, அவர் போர்டில் அது உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்தார். பேசியபடியே வேலை செய்தோம். பெட்டி அவருடைய மாமா முல்லைத்தீவில் கூல்பார் என்கிற குளிர்பானக் கடை வைத்திருந்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்தது. மேலிருந்து இறங்கும் பூச்சிகளைக் கீழே நிற்கும் சிறு வண்டி சுட வேண்டும். ஊரில் அதற்குப் பூச்சிப் பெட்டி என்று பெயர். பிறகு சண்டை வந்தது, கரண்ட் போனது. போனது என்றால் வருடக்கணக்கில் போனது. யூட் அப்போது இளந்தாரி. உள்ளே இருந்த பெரிய திரையை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளை டிவியை வைத்தார். பக்கத்தில் சைக்கிளைப் பூட்டினார். ஒருவர் மிதிக்க ஒருவர் விளையாட வேண்டும். காசு வாங்கவில்லை. ஒரு ஆட்டம் மற்றவனுக்கு மிதித்தால் உனக்கு ஒரு ஆட்டம். மிதிக்காதவனுக்கு ஆட்டம் இல்லை.

"வெளியில சுடுறது காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் சுடுறியளோ எண்டு என்ர அம்மா பேசுறவா" என்றாள் வசந்தி அக்கா, தேநீர் கொண்டுவந்தபடி.

"உன்ர அம்மாவும் மிதிச்சவா" என்றார் யூட்.

"அது கொழுப்புக் குறையட்டுமெண்டு."

அன்று மாலை மீன் வாங்க முல்லைத்தீவுக் கரைக்குப் போனோம். படகுகள் அந்த நேரத்தில் மணலில் கிடந்தன. எங்கள் தூத்துக்குடிக் கரையில் ஐஸ் லாரியும் ஏலச் சத்தமும் காதைப் பிளக்கும். இங்கே வலை தைக்கும் நான்கு பேர் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒருவர் யூட்டின் மச்சான் சூசை. பூச்சிப் பெட்டி மறுபடி ஓடப்போகிறது என்று கேட்டதும் வலையைக் கீழே போட்டார்.

"டேய், நான் உனக்கு மிதிச்ச ஆட்டம் ஒண்டு நிலுவையில கிடக்கு. நீ விளையாடினாய். என்ர முறை வரேக்க ஹெலிகொப்டர் வந்திட்டுது. எல்லாரும் ஓடினம். ஞாபகம் இருக்கோ?"

"இல்லை" என்றார் யூட்.

"எனக்கு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறன்."

திரும்பும் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே, பெட்டியைக் கொடுப்பதில் வருத்தம் இல்லையா என்று யூட்டைக் கேட்டேன். "பெட்டி பலகை. பூச்சி ஓடினால் போதும். நாளைக்கு அலுமினியத்தில ஒண்டு அடிப்பன்" என்றார். "சொன்ன சொல்லு ஒண்டு இருக்கு. உம்மட முதலாளி சிப்பை முதல் அனுப்பினவர். அந்த மனுசன் என்னை நம்பினது." வீட்டு வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "வசந்தியோட பெட்டிக் கதை கதையாதையும்" என்றார்.

ஆனால் அவளே கதைத்தாள். அடுத்த நாள் காலை யூட் கொட்டகையில் யாருடைய பம்பையோ பிரித்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கட முதலாளி பெட்டியை உயர்த்திப்போட்டு ஆரை மிதிக்க விடுவார்?" என்றாள்.

"மிதிக்கிறதெல்லாம் இருக்காதுக்கா. கரண்ட்ல ஓடும்."

"அப்ப அது வேற பெட்டி."

பிறகு சொன்னாள். கால் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் யூட் அந்தப் பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. விளையாடச் சொன்னால், மிதிக்காதவனுக்கு ஆட்டம் இல்லை என்பார். அவரே போட்ட சட்டம். அதோடு, பொத்தான்கள் இருந்த உயரம் தரையில் இருப்பவருக்கு எட்டவும் எட்டாது. ஒரு நாள் மத்தியானம் அவர் நித்திரையாகக் கிடக்கும்போது, தரையிலிருந்து அவர் கை எட்டும் உயரத்தை ஈர்க்கால் அளந்தாள். தகப்பனின் ரம்பத்தை எடுத்துத் தனியாகவே அறுத்தாள். பாதியில் கை ஓய்ந்து, பக்கம் மாறி அறுத்ததில் கோணலாகிவிட்டது.

"எழும்பிப் பாத்திட்டுப் பேசினார், சாமானைப் பழுதாக்கிப்போட்டாய் எண்டு. ஒரு கிழமை என்னோட கதையில்லை. பிறகு ஒரு நாள் பாத்தால், வலப்பக்கம் பெடலைக் கீழ பூட்டிக்கொண்டிருக்கிறார். கையாலை சுத்தினால் அதுவும் மிதிச்ச கணக்குத்தானாம்." சொதிச் சட்டியை இறக்கி வைத்தாள். "அண்டைக்குப் பின்னேரம் எனக்கொரு ஆட்டம் சுத்தினார். பிறகு தனக்கொண்டு விளையாடினார். அதுக்குப் பிறகுதான் தம்பி, மனுசன் சாப்பாட்டில வாய் வைச்சது."

பட்டறையில் எத்தனையோ பெட்டிகளை அறுத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன். யாரையும் அளந்து அறுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூசை சொன்னபடி பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் சனம் வந்துவிட்டது. ஸ்கந்தபுரத்தில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கிடந்து யூட்டின் கைக்கு வந்த கறுப்பு வெள்ளை டிவியைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினோம். போர்டை மாட்டினோம். சுவர்க் கரண்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட் எடுத்துக் கொடுத்தோம். டிவியில் முதலில் கோடுகள், பிறகு கோலம் அழிந்த மாதிரி புள்ளிகள், பிறகு வரிசை வரிசையாகப் பூச்சிகள். சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

"விளக்குச் சீமெண்ணெய் மணம் இல்லாமல் இதைப் பாக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார் யாரோ.

"கரண்ட் இருக்கேக்க மிதிக்க எங்களுக்கென்ன விசரோ?" என்றார் யூட். சூசையின் நிலுவையைத் தீர்க்க அவரைத் தரையில் இருத்தினார்கள். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் கரண்ட் போனது.

அப்போது நடந்ததை நான் சரியாகச் சொல்ல வேண்டும். யூட் தான் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த பலகையைக் கையால் தள்ளிக்கொண்டு வலப்பக்கம் போனார். கைப்பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். சங்கிலி கிறீச்சிட்டது, யாரோ ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி மெல்ல விரிந்தது. சூசை பொத்தான்களை இடித்தார், கத்தினார், சீக்கிரமே செத்தார். இத்தனை வருடம் காத்திருந்த ஆட்டம் அவ்வளவுதான். "கண் தெரியேல்லை, கண்ணாடி கொண்டுவரேல்லை" என்றார். யாரும் நம்பவில்லை.

யூட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வசந்தி அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் சீட்டில் ஏறினாள். பெட்டி அறுபட்டதோடு அந்தச் சீட்டும் இறங்கியிருந்ததால், மிதிப்பவளின் தலையும் தரையில் இருப்பவரின் தலையும் அதிகத் தூரத்தில் இல்லை. அவள் மிதித்தாள், அவர் விளையாடினார். நான் நிறைய விளையாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் கை அசைவதே தெரியவில்லை. அவள் ஓயும்போது படம் நான்கு பக்கமும் சுருங்கும். திரும்பிப் பார்க்காமலே, "இறக்கம் முடிஞ்சுது, ஏத்தம் வருது" என்பார். "உங்களுக்கு எப்பவும் ஏத்தம்தான்" என்பாள். படம் மறுபடி விரியும். சனம் சிரித்தது. பூச்சிகள் வந்துகொண்டே இருந்தன, அவர் சாகவே இல்லை. கடைசியில் அவள்தான், "உலையில அரிசி கிடக்கு" என்று இறங்கிப் போனாள். படம் ஒரு புள்ளியாகி அணைந்தது.

என்னையும் விளையாடச் சொன்னார்கள். சூசை மிதித்தார். நான் மிதிக்க வேண்டிய முறை வருமுன் கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் சோற்றுக்குப் போனோம்.

அடுத்த நாள் காலை பெட்டியை ஏற்ற ஒரு சின்ன லாரியை யூட்டே சொல்லியிருந்தார். பானாவை எடுத்துக்கொண்டு சைக்கிளின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். முதல் போல்ட் இறுகியிருந்தது. நான் கை கொடுக்கப் போகவில்லை. அங்கே நின்றபடி முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அறுத்த பெட்டி எப்படி அறுபட்டது என்று சொன்னால் அவர் கேட்பார், வருத்தப்படுவார், பிறகு ஏற்றச் சொல்வார்.

குசினிக்குள் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. வசந்தி அக்கா நான் தினமும் உட்கார்ந்து சாப்பிட்ட பலகைப் பெட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டுவந்தாள். அரிசி வாளி உள்ளே தரையில் தனியாக நின்றது. பலகையைக் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள். அடுப்புப் புகைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் வெளியே வந்திருந்தது. பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தும் எண்ணும் பொறித்த சின்னத் தகடு, நான்கு திருகாணியும் அப்படியே.

"அறுத்த மிச்சம்" என்றாள். "தம்பி, உங்கட முதலாளி என்ன செய்யப்போறார்? உந்தப் பெட்டிக்குக் கீழ புதுப் பலகை வைச்சு ஒட்டப்போறார். அதை இதுக்கு மேல வைச்சு ஒட்டச் சொல்லுங்கோ. கீழ வைச்சாலென்ன, மேல வைச்சாலென்ன, புதுப் பலகை புதுப் பலகைதானே."

யூட் அதற்குள் முதல் போல்ட்டைக் கழற்றியிருந்தார். நான் முதலாளிக்குப் போன் போட்டு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. 

"தகடு இருக்குதா?" என்றார் முதலாளி.

"இருக்குண்ணா. திருகாணி கூட மாத்தல."

"கலர் மங்கியிருக்குதா?"

"புகைக்கு அடியில பத்திரமா இருந்திருக்கு. நம்மகிட்ட இருக்கிற சாம்பிளைவிட இது நல்லாருக்கு."

"கரையான்?"

"அரிசிதான்ண்ணா இருந்தது."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை. "அடியும் தகடும் கிடைச்சாப் போதுமப்பா. மேல நான் கட்டிக்கிறேன். அந்தக்கா சொல்றது கணக்குக்குச் சரியாத்தான் இருக்குது."

யூட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கழற்றிய போல்ட்டை எடுத்து ஊதி, அதே துளையில் திருப்பி இறுக்கினார். பிறகு மனைவியைப் பார்க்காமல், "இஞ்சேர், அரிசி வாளியை இனி எங்க வைக்கப்போறாய்?" என்றார்.

"உங்கட தலையில" என்றாள் வசந்தி அக்கா.

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பலகையை மடியில் வைத்திருந்தேன். பஸ்ஸில் இடம் இல்லாதபோது அதன் மேலேயே உட்கார்ந்தேன். உட்காரப் பழகிய பலகை அல்லவா. கொழும்பு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைச் சுற்றியிருந்த அட்டையைப் பிரிக்கச் சொன்னார். என்ன இது என்று கேட்டார். அரிசி வாளி வைக்கும் பலகை என்றேன், அதுவும் உண்மைதானே. அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற வத்தளைத் தமிழர் ஒருவர் மொழிபெயர்த்தார்: "'பாவம், இந்தியாவில் பலகை இல்லைப்போல' என்கிறார்."

கோயம்புத்தூரில் அந்த அடியின் மேல் முதலாளி புதுப்பெட்டி எழுப்பினார். ஒட்டு எங்கே என்று தேடினாலும் தெரியாது. மக்கு நான் வைத்தது. அடிப்பாகத்தை மட்டும் தேய்க்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். வாங்க வந்த ஓட்டல்காரர் முழங்காலிட்டுத் தகட்டைத் தடவிப்பார்த்து, "ஒரிஜினல்தான்" என்றார். அவர் நின்றபடி ஒரு ஆட்டம் விளையாடினார். என்னையறியாமல் என் கண் இடது பக்கம் போயிற்று. அங்கே ஒரு பிளக் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் முள்ளியவளையிலிருந்து ஒரு வீடியோ வந்தது. சரியாகப் பிடிக்கவில்லை; திரையே தெரியவில்லை. பெட்டியின் கோணல் மூலை, டயர்த் துண்டு, பெடலில் வசந்தி அக்காவின் கால்கள், அவ்வளவுதான். சங்கிலிச் சத்தத்துக்கு மேல் யூட்டின் குரல் கேட்டது.

"தம்பி, அண்டைக்கு நீர் விளையாடின ஆட்டத்துக்கு இன்னும் மிதிக்கேல்லை. நிலுவையில கிடக்கு. கால் ரெண்டையும் பத்திரமா வைச்சிரும்."